பங்காரப்பேட்டையில் தொடங்கும் கணக்கு

சிக்கனமாய் ஒரு பயணம் – 9

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸிலிருந்து ரயிலில் தூர ஊர் போகும் குடும்பம் முதலில் பங்காரப்பேட்டைக்கு வந்தாக வேண்டும். மாரிகுப்பத்தில் தொடங்கி சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று நின்று நின்று வரும் 16 கிலோமீட்டர் கிளைப்பாதை அங்கேதான் சென்னை–பெங்களூரு பெரும்பாதையோடு சேர்கிறது. தங்கச் சுரங்கத்துக்காக 1894-இல் போடப்பட்ட பாதை அது. மைசூர் ஆணையராக இருந்த பௌரிங்கின் பெயரால் அந்தச் சந்திப்பு அன்று பௌரிங்பேட்டை எனப்பட்டது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்ட பின், தங்கவயலின் பிழைப்பே இந்தத் தண்டவாளத்தில் ஏறிக்கொண்டது. இன்று ஆயிரக்கணக்கானோர் விடியலுக்கு முன்பே பெங்களூரு வேலைக்கு ரயில் ஏறுகிறார்கள். விடுமுறைப் பயணத்தில் மிச்சம் பிடிப்பதும் இந்தச் சந்திப்பைப் புரிந்துகொள்வதில்தான் தொடங்குகிறது.

கிளைப்பாதையில் செலவு பெரிதல்ல. சாதாரண ரயிலின் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய். கொரோனாவுக்குப் பின் இந்த ரயில்களெல்லாம் எக்ஸ்பிரஸ் என்ற பெயரில் ஓடியதால் அது 30 ரூபாயாகி, 2024 பிப்ரவரியில்தான் மீண்டும் 10-க்கு இறங்கியது. காசு கரைவது பங்காரப்பேட்டைக்கு அப்பால், முன்பதிவில்.

ஒரு ரயிலின் படுக்கைகள் எல்லா ஊருக்கும் பொதுவாக வைக்கப்படுவதில்லை. பெரும்பங்கு, ரயில் புறப்படும் ஊருக்கான பொது ஒதுக்கீட்டில் போய்விடும். இடையில் ஏறுகிறவர்களுக்குச் சிறு ஒதுக்கீடு மட்டுமே மிஞ்சும். பெங்களூருவிலிருந்து கன்னியாகுமரி போகும் ஐலண்ட் எக்ஸ்பிரஸில் பங்காரப்பேட்டையிலிருந்து டிக்கெட் கேட்டால், பெங்களூரு ஒதுக்கீட்டில் இடம் இருக்கும்போதே காத்திருப்புப் பட்டியல் காட்டக்கூடும். இடைநிலையங்களுக்கான காத்திருப்பு அவ்வளவு எளிதில் நகராது. அந்த ஒதுக்கீட்டில் யாராவது ரத்து செய்தால்தான் இடம் கிடைக்கும். இதற்கு அனுபவசாலிகள் கையாளும் வழி ஒன்று உண்டு. டிக்கெட்டை பெங்களூருவிலிருந்து எடுத்து, ஏறும் நிலையமாக பங்காரப்பேட்டையைக் குறிப்பது. விதி இதை அனுமதிக்கிறது. கூடுதலாகக் கட்டுவது 70 கிலோமீட்டர் தூரத்துக்கான கட்டணம். நீண்ட பயணத்தில் தலைக்குச் சில பத்து ரூபாய்க்கு மேல் அது போகாது.

காசைக் கூட்டிக் கட்டுவது எப்படிச் சிக்கனம் ஆகும்? மாற்று வழியின் விலையைப் பார்த்தால் புரியும். இடம் கிடைக்காதவர் கடைசியில் தட்கலுக்குப் போகிறார். ஸ்லீப்பர் வகுப்பில் தட்கலுக்குத் தலைக்கு 100 முதல் 200 ரூபாய் வரை கூடுதல். மூன்றடுக்கு ஏசியில் 300 முதல் 400. நான்கு பேர் ஸ்லீப்பரில் போனால் 800 ரூபாய் வரை தட்கலுக்கே போய்விடும். உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் ஒரு பைசா திரும்பாது. அதுவும் ஏசிக்கு முந்தின நாள் காலை 10 மணி, மற்றதற்கு 11 மணி என்று நொடி எண்ணிக் காத்திருக்க வேண்டும். 2025 ஜூலை முதல் ஆதார் சரிபார்க்கப்பட்ட கணக்கு இல்லாமல் இணையத்தில் தட்கல் எடுக்கவும் முடியாது.

சின்னச் சின்னக் கட்டணங்களில் எது தலைக்கு, எது டிக்கெட்டுக்கு என்று தெரிந்து வைத்திருப்பது நல்லது. முன்பதிவுக் கட்டணம் தலைக்கு: ஸ்லீப்பரில் 20 ரூபாய். அதிவேக ரயிலுக்கான கூடுதல் கட்டணமும் தலைக்குத்தான்: ஸ்லீப்பரில் 30, இரண்டாம் வகுப்பில் 15. இது தூரத்தைப் பார்ப்பதில்லை. 900 கிலோமீட்டருக்கும் அதே 30, 100 கிலோமீட்டருக்கும் அதே 30. குறுகிய தூரத்துக்கு அதிவேக ரயிலைத் தவிர்த்தால் அது மிச்சம். இணையவழி வசதிக் கட்டணம் மட்டும் டிக்கெட்டுக்கு ஒருமுறை. ஏசி இல்லாத வகுப்புக்கு யுபிஐயில் கட்டினால் 10 ரூபாயும் வரியும், கார்டில் கட்டினால் 15 ரூபாயும் வரியும். ஆறு பேர் வரை ஒரே டிக்கெட்டில் போகலாம் என்பதால், தனித்தனியாக எடுப்பது வீண்.

பிள்ளைகள் விஷயத்தில் பலர் பழைய நினைப்பில் ஏமாறுகிறார்கள். 5 வயதுக்குக் கீழே இலவசம். 5 முதல் 11 வரை அரைக் கட்டணம் என்பது பாதி உண்மை. 2016 ஏப்ரல் 21 முதல், அந்த வயதுப் பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம். படுக்கை வேண்டாம் என்று குறித்தால்தான் பாதி. இரவுப் பயணத்தில் ஆறு வயதுப் பிள்ளையை அம்மாவின் அருகில் ஒடுக்கிப் படுக்க வைக்கலாம். பத்து வயதுப் பையனை ஸ்லீப்பரின் குறுகிய பலகையில் யாரோடும் படுக்க வைக்க முடியாது. அங்கே மிச்சம் பார்த்தால் இருவருக்குமே தூக்கம் போகும். மூத்த குடிமக்களுக்கு இருந்த சலுகை, ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 சதவீதம், 2020 மார்ச் 20-இல் நிறுத்தப்பட்டது. ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளர்கள் நிறைந்த ஊரில் இந்த இழப்பு சிறியதல்ல.

எல்லாவற்றையும்விடப் பெரிய மிச்சம் தேதியில் இருக்கிறது. இங்கே சாம்பியன் ரீப்ஸுக்கு யாரும் எண்ணிப் பாராத ஓர் அனுகூலம் உண்டு. வீட்டில் பேசுவது தமிழ், பள்ளி நாட்காட்டி கர்நாடகத்துடையது. கர்நாடகப் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை ஏப்ரல் 11 வாக்கில் தொடங்கி மே மாதக் கடைசியில் முடிந்துவிடும். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் அந்த நேரத்தில் தேர்வு முடிந்திருக்காது. அங்கே கூட்டம் ஏப்ரல் கடைசியில்தான் கிளம்பும். ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்தநாள். தங்கவயலில் அன்று ஊரை விட்டு யாரும் போவதில்லை. அதற்கு மறுநாளிலிருந்து பத்து நாள் கன்னியாகுமரி, ராமேஸ்வரம், ஊட்டி எல்லாம் ஓரளவு காலி. விடுதி வாடகையிலும் பேரம் பேச இடம் இருக்கும். மே முதல் வாரத்தில் அதே அறைக்கு அதே விலை சொல்ல மாட்டார்கள்.

இந்த இடைவெளியைப் பிடிக்க முன்பதிவுத் தேதியைக் கணக்கிட வேண்டும். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகச் சுருங்கியது. ஏப்ரல் 16-இல் புறப்பட, பிப்ரவரி 15 காலை 8 மணிக்கே டிக்கெட் திறக்கும் (லீப் ஆண்டில் ஒரு நாள் தள்ளும்). நான்கு மாதம் முன்பே பணம் முடங்காமல் இருப்பது மாதச் சம்பளக் குடும்பங்களுக்கு நல்லதுதான். ஆனால் டிக்கெட் பணம், விடுதி முன்பணம், துணிமணி எல்லாம் இரண்டு மாதத்துக்குள் ஒன்றாக வந்து நிற்கும். வேளாங்கண்ணிக்கும் திருப்பதிக்கும் சீட்டுப் பிடித்துப் போகும் பழைய வழக்கம் இங்கே கைகொடுக்கும். பத்து வீடுகள் மாதம் 500 ரூபாய் போட்டால், பத்தாம் மாதம் வீட்டுக்கு 5,000 கையில் இருக்கும், வட்டி இல்லாமல். ஏலச் சீட்டாக நடத்தினால் கணக்கு மாறிவிடும். முதலில் எடுப்பவர் கழிவு கொடுத்தே எடுக்கிறார்.

தசரா சமயத்தில் இதே உத்தி பாதிதான் பலிக்கும். கர்நாடகப் பள்ளிகளுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் விடுமுறை. ஆயுத பூஜைக்கு முந்தின வெள்ளிக்கிழமை இரவு பெங்களூருவே காலியாகி, ரயிலும் பேருந்தும் பிதுங்கும். அந்த வாரத்தின் செவ்வாய், புதனில் நகர்ந்துவிடுவது மேல். தனியார் ஆம்னி பேருந்துகளின் விலை ஏறுவதும் அந்த வெள்ளிக்கிழமை இரவில்தான். அரசுப் பேருந்தில் அந்த அளவுக்குத் தாவல் இல்லை. கர்நாடக அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் நான்கு பேரோ அதற்கு மேலோ ஒரே டிக்கெட்டில் முன்பதிவு செய்தால் 5 சதவீதமும், போக வர ஒன்றாக எடுத்தால் திரும்பும் கட்டணத்தில் 10 சதவீதமும் குறையும்.

பேருந்துக் கணக்கை 2023 ஜூன் 11 தலைகீழாக்கியது. அன்று தொடங்கிய சக்தி திட்டத்தில், கர்நாடகத்தில் குடியிருக்கும் பெண்கள் மாநிலத்துக்குள் சாதாரண அரசுப் பேருந்தில் கட்டணமின்றிப் போகலாம். ஏசி, சொகுசு வண்டிகளுக்கு இது இல்லை. அம்மா, பாட்டி, இரண்டு மகள்கள், அப்பா என்று ஐவர் மைசூருக்கோ தர்மஸ்தலாவுக்கோ போனால், டிக்கெட் எடுப்பவர் அப்பா ஒருவர்தான். பக்கத்திலிருக்கும் கம்மசந்திரா கோட்டிலிங்கேஸ்வரர், கோலாரம்மா கோயில், அந்தரகங்கை போன்ற ஒரு நாள் பயணங்களுக்குப் பெண்கள் கையில் சாப்பாட்டுக் காசு இருந்தால் போதும். முகவரி தெரியும் அடையாள அட்டையை மட்டும் மறக்கக் கூடாது.

ஆனால் தங்கவயல் மூன்று மாநிலம் நெருங்கும் மூலை. வேலூர், குடியாத்தம் பக்கம் உறவு வைத்திருப்பவர்கள் வி.கோட்டா வழியாக ஆந்திரத்தைக் கடந்தே தமிழ்நாட்டுக்குள் நுழைகிறார்கள். மாநிலம் தாண்டும் பேருந்துக்குச் சக்தி திட்டம் பொருந்தாது. ஆந்திரத்திலும் 2025 ஆகஸ்ட் 15 முதல் பெண்களுக்கு இலவசப் பயணம் உண்டு. அது அந்த மாநிலத்துப் பெண்களுக்கு மட்டும். தமிழ்நாட்டுக்குள் வந்ததும் நிலைமை மாறும். 2021 மே முதல் அங்கே சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் எல்லாப் பெண்களுக்கும் இலவசம். எந்த மாநிலம் என்று நடத்துநர் கேட்பதில்லை. புறநகர்ப் பேருந்துக்கு மட்டும் கட்டணம், 2018 ஜனவரியில் கிலோமீட்டருக்கு 58 காசு என்று நிர்ணயித்தது. ஆக, ஒரே நாளில் ஒரே பெண் முதலில் இலவசமாகவும், நடுவில் காசு கொடுத்தும், கடைசியில் மீண்டும் இலவசமாகவும் போகும் விசித்திரம் இந்த வழியில் நடக்கிறது.

இதே சாலையில் பலமநேர், சித்தூர் என்று தொடர்ந்தால் திருப்பதி. சாம்பியன் ரீப்ஸ்காரர்களுக்கு எட்டும் தூரத்தில் இதைவிட மலிவான பெரும் பயணம் இல்லை. செலவு பேருந்தோடு நின்றுவிடுகிறது. சர்வ தரிசனத்துக்குக் கட்டணமில்லை. 1985-இல் தொடங்கிய அன்னதானத் திட்டத்தில் சாப்பாடு இலவசம். மலைமேல் சுற்றும் தேவஸ்தானப் பேருந்தும் இலவசம். 300 ரூபாய் சிறப்பு தரிசனம் நேரத்தை வாங்கும் விலை. வயதானவர்களும் கைக்குழந்தையும் இல்லாத குடும்பத்துக்கு அது கட்டாயம் அல்ல.

நீண்ட சுற்றுப்பயணத்துக்கு ரயில்வேயில் அதிகம் பேர் கேட்டறியாத ஒரு வழி இருக்கிறது: வட்டப் பயண டிக்கெட். ரயில் கட்டணம் தூரம் கூடக் கூடக் கிலோமீட்டருக்குக் குறையும்படி அமைந்தது. ஊர் ஊராகத் தனி டிக்கெட் எடுத்தால் ஒவ்வொரு முறையும் விலை கூடிய முதல் கிலோமீட்டர்களிலிருந்தே கணக்கு தொடங்கும். பங்காரப்பேட்டையில் கிளம்பி சென்னை, திருச்சி, மதுரை, கன்னியாகுமரி, திருவனந்தபுரம், எர்ணாகுளம், கோவை, சேலம் என்று சுற்றித் திரும்பினால் ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர். வட்டப் பயண டிக்கெட்டில் இதை 950 கிலோமீட்டர் கொண்ட இரண்டு பயணமாகவே கணக்கிடுவார்கள். வழியில் எட்டு இடங்கள் வரை இறங்கலாம். கோட்ட வணிகப் பிரிவு அலுவலகத்திலோ முக்கிய நிலையங்களிலோ பாதையை எழுதிக் கொடுத்து விண்ணப்பிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் படுக்கையைத் தனியே முன்பதிவு செய்ய வேண்டியிருப்பதுதான் இதிலுள்ள அலுப்பு. பத்து நாள் விடுமுறையும் பொறுமையும் உள்ளவர்களுக்கே இது.

வீட்டில் பெங்களூரு சீசன் டிக்கெட் வைத்திருப்பவருக்கு ஒரு சின்ன ஆதாயம். அது ஞாயிற்றுக்கிழமையும் செல்லும். குடும்பத்தோடு லால்பாக் போகும் நாளில் அவருக்குத் தனி டிக்கெட் வேண்டாம். மூன்று மாத சீசன் டிக்கெட்டின் விலை மாத டிக்கெட்டைப் போல 2.7 மடங்குதான் என்பதால், அதற்கு மாறினாலே மூன்று மாதத்தில், ஒரு மாதக் கட்டணத்தில் பத்தில் மூன்று பங்கு மிச்சம்.

சாப்பாட்டுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதல் நாளுக்குப் புளிச்சோறும் சப்பாத்தியும் எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் சொல்லித் தர வேண்டாம். ரயில் நீர் லிட்டர் 14 ரூபாய். பொதுப் பெட்டிகள் நிற்கும் இடத்துக்கு எதிரே சில நிலையங்களில் 20 ரூபாய்க்குச் சிக்கனச் சாப்பாடு விற்கிறார்கள்.

திரும்பும் நேரத்தைப் பலரும் யோசிப்பதில்லை. பெரும்பாதையில் இரவெல்லாம் ரயில் உண்டு. கிளைப்பாதையில் நாளுக்குச் சிலவே. நள்ளிரவில் பங்காரப்பேட்டையில் இறங்கும் குடும்பத்துக்கு முன்னால் இரண்டு வழிதான்: விடியும் வரை பெஞ்சில் உட்கார்ந்திருப்பது, அல்லது ஆட்டோ பிடிப்பது. பத்து ரூபாய் டிக்கெட்டில் முடிய வேண்டிய தூரத்துக்கு ஆட்டோக்காரர் கேட்பது அந்நேரத்து விலை. தவிர, கிளைப்பாதை ரயில் தாமதமாகிப் பெரும்பாதை ரயிலைத் தவற விட்டால் அந்தக் காசு திரும்பாது; 2019 ஏப்ரல் முதல் இரண்டு முன்பதிவு டிக்கெட்டுகளை இணைத்தால் பணம் திரும்பக் கிடைக்கும் வசதி இருந்தாலும், முன்பதிவில்லாத கிளைப்பாதை டிக்கெட் அதில் சேராது. அதனால் போகும்போது ஒரு ரயில் முன்னதாகக் கிளம்புவதும், வரும்போது பங்காரப்பேட்டையைப் பகலில் தொடும் ரயிலாகப் பார்த்து எடுப்பதும் இங்கே வழக்கம்.