தட்டாதீர்கள், ஊதிவிடுங்கள்: தோலைப் புண்ணாக்கும் சிறு வண்டு

மழைக்காலம் தொடங்கியதும் எங்கள் தோல் நோய்ப் பிரிவுக்கு ஒரே வகைப் புண்ணுடன் பலர் வருகின்றனர். கழுத்திலோ முகத்திலோ கையிலோ கோடு இழுத்தாற்போல் சிவந்த தடிப்பு, அதன்மேல் சிறு கொப்புளங்கள், தீப்பட்டது போன்ற எரிச்சல். சிலர் இதனைப் பூச்சிக்கடி என்பர். சிலர் அக்கி என்று அஞ்சுவர். பல வேளைகளில் இது இரண்டும் அன்று. பீடரஸ் என்னும் வண்டின் உடல்நீர் தோலில் பட்டதால் உண்டான புண் இது.

வண்டை அறிவது எப்படி?

ஒரு சென்டிமீட்டர் நீளத்தை எட்டாத இவ்வண்டு, ஒல்லியான உடலால் முதற்பார்வைக்கு எறும்பு போலவே தோன்றும். தலை கறுப்பு, மார்பும் வயிறும் ஆரஞ்சு நிறம், வயிற்றின் நுனி கறுப்பு. நடுவே நீலமாகவோ பச்சையாகவோ மின்னும் குட்டையான இறக்கை உறை வயிற்றை முழுமையாக மூடுவதில்லை. சீண்டினால் தேளைப் போல வால்பகுதியை உயர்த்தும். ஆனால் அதற்குக் கொடுக்கு இல்லை. 2022 ஜூலையில் சிக்கிமில் கல்லூரி மாணவர்கள் பலர் பாதிக்கப்பட்டபோது நாளிதழ்கள் 'நைரோபி ஈ' என்று எழுதியது இவ்வினத்தைத்தான். அது ஈயன்று, வண்டு.

தீங்கு எவ்வாறு நேர்கிறது?

ஈரமண்ணிலும் நெல்வயலிலும் வாழும் இவ்வண்டு, பயிரை அழிக்கும் புகையான் முதலிய பூச்சிகளை உண்பதால் உழவருக்கு நன்மையே செய்கிறது. இரவில் விளக்கொளியை நாடி வீட்டுக்குள் வந்துவிடுகிறது. அது கடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை. அதன் உடலுக்குள் வாழும் ஒருவகைப் பாக்டீரியா உண்டாக்கும் பெடரின் என்னும் நஞ்சு அதன் உடல்நீரில் கலந்திருக்கிறது. கழுத்தில் ஏதோ ஊர்கிறதென்று நாம் தட்டித் தேய்க்கும்போது வண்டு நசுங்கி, அந்நஞ்சு தோலில் பரவுகிறது. கை தேய்த்த திசையிலேயே புண்ணும் கோடாக எழுகிறது. முழங்கை மடிப்பில் நசுங்கினால், மடிப்பின் இருபுறமும் ஒன்றுக்கொன்று எதிராக இரு புண்கள் தோன்றும். பெரும்பாலும் ஓரிரு நாள் கழித்தே கொப்புளம் வெளிப்படுவதால், வண்டைத் தட்டியது பலருக்கு நினைவிலேயே இருப்பதில்லை.

அக்கியா, வண்டுப்புண்ணா?

அக்கி சின்னம்மைக் கிருமியால் வருவது. கொப்புளத்துக்குச் சில நாள் முன்பே அவ்விடத்தில் வலி தொடங்கும். உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகக் கொப்புளங்கள் கூட்டமாக எழும். அதற்குரிய மருந்தைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்குவதே சிறந்தது. எனவே அக்கியை வண்டுப்புண் என்று எண்ணிக் காத்திருத்தலும் தவறு. வண்டுப்புண்ணை அக்கி என்று எண்ணிக் காவி பூசுதலும் தவறு. ஐயம் இருப்பின் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

செய்ய வேண்டியவை

வண்டு உடல்மீது ஊர்ந்தால் ஊதிவிடுங்கள். அல்லது ஒரு தாளில் ஏறச்செய்து அகற்றுங்கள். நசுங்கிவிட்டால் அவ்விடத்தையும் கைகளையும் சோப்பும் நீரும் கொண்டு உடனே நன்கு கழுவுங்கள். கழுவாத கையால் கண்ணைத் தொடாதீர்கள். எரிச்சலுக்குக் குளிர்ந்த நீரில் நனைத்த துணியை ஒற்றலாம். சுண்ணாம்பு, பற்பசை, மூலிகைச் சாறு எதையும் பூச வேண்டா. கொப்புளத்தை உடைக்கவும் வேண்டா. களிம்பை மருத்துவர் சொற்படியே பயன்படுத்துங்கள். இப்புண் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றாது. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரங்களில் ஆறிவிடும். எஞ்சும் கருமை மெல்ல மறையும்.

கண் சிவத்தல், இமை வீங்குதல், சீழ், காய்ச்சல், பரந்த புண் ஆகியவற்றில் எது காணப்படினும் தாமதிக்காமல் வாருங்கள். கண்ணில் பட்டிருந்தால் தூய நீரால் நன்கு கழுவிய பின் வாருங்கள். எண்ணெயோ தாய்ப்பாலோ விடாதீர்கள்.

நோயாளியுடன் தங்குவோர் மாலையில் சன்னல்களை மூடி, படுக்கைக்கு நேர்மேலுள்ள விளக்கை இரவில் அணைத்து, படுக்கை விரிப்பை உதறிய பின் படுப்பது நலம். தாமே தட்டிவிட இயலாத குழந்தைகளுக்கும் படுத்த படுக்கையாக உள்ளோருக்கும் கொசுவலை நல்ல காப்பு.