லாக்-அவுட் செய்தாலும் போகாத ஃபைல்

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் மெயிலில் வருகிறது. வீட்டுக் கணினியில் இறக்கிப் பார்த்துவிட்டு, மெயிலை லாக்-அவுட் செய்து எழுந்துவிடுகிறீர்கள். அடுத்து வந்து உட்காரும் பிள்ளை, பள்ளி ப்ராஜெக்டைத் தேடி டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் முதலில் நிற்பது உங்கள் ரிப்போர்ட்தான். லாக்-அவுட் செய்தால் மெயில் பெட்டி மட்டுமே மூடும். இறங்கிய நகலுக்கும் உங்கள் மெயில் பாஸ்வேர்டுக்கும் அதன்பின் சம்பந்தமே இல்லை. இன்காக்னிட்டோவில் திறந்தாலும் அப்படித்தான்: மூடியதும் பார்த்த பக்கங்களின் ஹிஸ்டரி போய்விடும், இறங்கிய ஃபைல் போகாது.

ஆகவே, பார்த்தால் போதும் என்கிறவற்றை இறக்கவே வேண்டாம். ஜிமெயிலில் இணைப்பின் சிறு படத்தைக் கிளிக் செய்தால் பிரவுசருக்குள்ளேயே திறக்கும். அம்புக்குறியை அழுத்தினால்தான் இறங்கும். இறக்கித்தான் ஆகவேண்டுமென்றால், வேலை முடிந்ததும் ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு டெலீட் செய்யுங்கள். வெறும் டெலீட் என்றால் ரீசைக்கிள் பின்னில் கிடக்கும். வேர்டின் 'ரீசன்ட்' பட்டியலில் அப்போதும் பெயர் மிஞ்சும். கிளிக் செய்தால் திறக்காது. ஆனால் 'ராஜினாமா கடிதம்' என்ற பெயர் ஒன்று போதாதா, வீட்டில் விசாரணை தொடங்க? அந்தப் பட்டியலிலிருந்தும் எடுத்துவிடுங்கள்.

ஃபைலை 'ஹிட்டன்' ஆக்கி வைப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். 'வியூ' மெனுவில் ஒரு டிக் போட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும்.

பிடிஎஃப்பில் பாஸ்வேர்ட் இருக்கிறதே என்பீர்கள். இ-ஆதாரின் பாஸ்வேர்ட், ஆங்கிலத்தில் உங்கள் பெயரின் முதல் 4 எழுத்துகள், பிறகு பிறந்த ஆண்டு. பல வங்கி ஸ்டேட்மென்ட்டுகளும் பெயர், பிறந்த தேதி என்று கோத்ததுதான். அந்நியருக்கு அது பூட்டு. உங்கள் பிறந்தநாளுக்குப் பாயசம் வைக்கிறவர்களுக்கு?

உருப்படியான வழி, ஆளுக்கொரு யூசர் அக்கவுண்ட். விண்டோஸ் செட்டிங்ஸில் 'அக்கவுண்ட்ஸ்' பகுதியில் உருவாக்கலாம், செலவு இல்லை. ஒவ்வொருவருக்கும் தனி டவுன்லோட்ஸ், தனி டெஸ்க்டாப், தனி ரீசன்ட் பட்டியல். உங்கள் அக்கவுண்ட்டுக்குப் பாஸ்வேர்ட் வைத்து, நடுவில் எழுந்து போகும்போது விண்டோஸ் கீயோடு 'எல்' எழுத்தை அழுத்துங்கள், திரை பூட்டிக்கொள்ளும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 'அட்மினிஸ்ட்ரேட்டர்' உரிமை உள்ளவர் மற்றவர் ஃபோல்டர்களையும் திறக்க முடியும். பிள்ளைகளுக்கு 'ஸ்டாண்டர்ட்' போதும்.

அட்மினிஸ்ட்ரேட்டர் வேறொருவர் என்றால், ஃபைலையே பூட்ட வேண்டியதுதான். இலவசமாகக் கிடைக்கும் 7-ஜிப் மென்பொருளில் பாஸ்வேர்ட் போட்டு ஏஇஎஸ்-256 முறையில் பூட்டலாம். சாதாரண ஜிப்பாகச் செய்தால் உள்ளிருக்கும் ஃபைல்களின் பெயர்கள் தெரியும். '7இசட்' வடிவத்தைத் தேர்ந்து, பெயர்களையும் மறைக்கும் கட்டத்தில் டிக் செய்யுங்கள். பூட்டாத மூல ஃபைலை அழித்துவிடுங்கள். இந்தப் பாஸ்வேர்டை மறந்தால் மீட்டுத் தர யாரும் இல்லை. மெயிலை அழிக்காமல் வைத்திருந்தால் இணைப்பு அங்கேயே இருக்கும், மறுபடி இறக்கிக்கொள்ளலாம்.