லாபம் எது? நஷ்டம் எது?
தொழிற்சாலைக் கணக்கில் ஒளிந்திருக்கும் ரகசியம்!

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வாட்டர்லூ என்று ஒரு நகரம். டிராக்டர் செய்யும் ஜான் டீர் கம்பெனியின் தொழிற்சாலைகள் அங்கே உண்டு. அவற்றில் ஒன்று, டிராக்டருக்கு வேண்டிய சிறு உறுப்புகளைச் செய்து வந்தது.

1980-களில் அமெரிக்க விவசாயம் நொடித்தது. டிராக்டர் விற்பனை சரிந்தது. சொந்தத் தொழிற்சாலை என்ற சலுகை போயிற்று. வெளிக் கம்பெனிகளோடு போட்டி போட்டு விலை சொல்ல வேண்டியதாயிற்று.

முடிவு விசித்திரமாக இருந்தது! ஆயிரக்கணக்கில் ஓட்டக்கூடிய சுலபமான வேலைகள் கை நழுவின. கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யும் தொல்லை பிடித்த வேலைகளே பெரும்பாலும் கிடைத்தன.

ஏன்? கோளாறு எந்திரத்தில் இல்லை, கணக்கில் இருந்தது!

மேல்செலவு

ஒரு திருகாணி செய்ய இரும்பு இவ்வளவு, கூலி இவ்வளவு என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் வாடகை, மின்சாரம், மேஸ்திரி சம்பளம், பழுது பார்க்கும் செலவு? இவை எல்லாப் பொருளுக்கும் பொது. இவற்றுக்கு மேல்செலவு என்று பெயர்.

இதைப் பங்கிட எளிய வழி, தொழிற்சாலை முழுவதற்கும் ஒரே விகிதம். எந்திரம் ஓடும் நேரத்தை வைத்து எல்லாப் பொருள் மீதும் ஒரே மாதிரி ஏற்றிவிடுவார்கள்.

ஒரு வீட்டில் மூன்று குடித்தனம். மின்சார மீட்டர் ஒன்று. ஒருவர் வீட்டில் ஒரு விளக்குதான். இன்னொருவர் வீட்டில் நாள் முழுவதும் மாவு கிரைண்டர். கட்டணத்தைச் சமமாகப் பிரித்தால் நியாயமா?

கணக்கைப் பாருங்கள்

ஒரு பட்டறையில் மாத மேல்செலவு 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெரிய ஆர்டர் 8,000 திருகாணி. சில்லறை ஆர்டர்கள் சேர்ந்து 2,000. எல்லாத் திருகாணிக்கும் எந்திரம் ஓடும் நேரம் ஒன்றே. ஒரே விகிதத்தில் போட்டால், திருகாணிக்கு மேல்செலவு 1 ரூபாய்.

ஆனால் ஒவ்வொரு வகைக்கும் எந்திரத்தில் கருவியை மாற்றிப் பூட்ட வேண்டும். பட்டறையில் இதைச் ‘செட்டிங்’ என்பார்கள். மாதம் 15 செட்டிங். ஒன்றுக்கு 400 ரூபாய் வீதம் 6,000 ரூபாய். எந்திரம் ஓட்டும் செலவு மீதி 4,000. அதாவது திருகாணிக்கு 40 காசு.

பெரிய ஆர்டருக்கு 2 செட்டிங்தான். ஓட்டும் செலவு 3,200, செட்டிங் 800. மொத்தம் 4,000 ரூபாய். திருகாணிக்கு 50 காசு!

சில்லறை ஆர்டர்களுக்கு 13 செட்டிங். ஓட்டும் செலவு 800, செட்டிங் 5,200. மொத்தம் 6,000 ரூபாய். திருகாணிக்கு 3 ரூபாய்!

பழைய கணக்கை நம்பும் முதலாளி, 50 காசுச் சரக்குக்கு 1 ரூபாய் ஏற்றி ஆர்டரை இழப்பார். 3 ரூபாய்ச் சரக்கை 1 ரூபாய்க் கணக்கில் விற்று நஷ்டப்படுவார். பட்டறை நொடித்தால் தொழிலாளியின் அடுப்பும் அணையும்!

புதிய வழி

எந்த வேலை செலவை உண்டாக்குகிறதோ, அந்த வேலையின்படி பங்கிடுவதே புதிய வழி. ‘ஏ.பி.சி.’ கணக்கு என்பது இதுதான். ஜான் டீர் தொழிற்சாலை இதைக் கையாண்டது. ஹார்வர்டு பேராசிரியர்கள் ராபின் கூப்பரும் ராபர்ட் காப்லானும் 1988-ல் இதைப் பற்றி எழுதி உலகறியச் செய்தார்கள்.

இதிலும் சிரமம் உண்டு. ஒவ்வொரு வேலையையும் அளக்க ஆளும் நேரமும் வேண்டும். ஒரே பொருள் செய்யும் பட்டறைக்கு ஒரே விகிதம் போதும். பல சரக்கு செய்கிறவர்கள் மட்டும், விலை சொல்லுமுன் செட்டிங்குகளை எண்ணிப் பார்ப்பது நல்லது!