மழைக்குறியும் மாணவர் குறிப்பேடும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் மானாவாரி நிலம் அதிகம். மக்காச்சோளமோ பருத்தியோ விதைத்த பின் மழை பொய்த்தால், விதைக்கும் உழவுக்கும் போட்ட பணம் மண்ணோடு போகும். அதனால்தான் ஊர்ப் பெரியவர்கள் வானத்தையும் பூச்சிகளையும் உற்றுப் பார்த்து மழை சொன்னார்கள். தட்டான் தாழப் பறந்தால் மழை, எறும்பு முட்டையோடு மேடேறினால் மழை என்பதெல்லாம் நம் மாணவர் வீடுகளில் இன்றும் கேட்கும் பேச்சு.

இவற்றை மூடநம்பிக்கை என்று ஒதுக்கவும் வேண்டாம். அப்படியே நம்பவும் வேண்டாம். சோதித்துப் பார்க்கலாம்.

நிலாவைச் சுற்றிய வட்டத்தைக் 'கோட்டை' என்பார்கள். எட்டக் கோட்டை என்றால் கிட்ட மழை, கிட்டக் கோட்டை என்றால் எட்ட மழை என்பது வழக்கு. எட்டத் தெரியும் பெரிய வட்டம், உயர்ந்த மேகங்களிலுள்ள பனிப்படிகங்களில் ஒளி விலகுவதால் உண்டாவது. அதன் ஆரம் சுமார் 22 பாகை. நிலாவை ஒட்டித் தெரியும் சிறு வளையம், மெல்லிய மேகத்தின் நீர்த்துளிகளால் ஒளி விளிம்பு வளைவு அடைவதால் உண்டாவது. இரண்டும் வேறு என்பதைக் கருவி ஏதுமின்றி நம் முன்னோர் கண்டிருக்கிறார்கள். எது மழையைக் கொண்டுவருகிறது என்பதை மாணவர்களே கணக்கெடுக்கட்டும்.

செய்யும் முறை எளிது. குறிப்பேட்டில் நான்கு கட்டங்கள்: நாள், கண்ட குறி, சொன்னவர், அடுத்த மூன்று நாளில் மழை உண்டா இல்லையா. குறி தென்பட்டும் பெய்யாத நாளையும், குறியே இல்லாமல் பெய்த நாளையும் தவறாமல் எழுதச் சொல்ல வேண்டும். பலித்ததை மட்டும் நினைவில் வைப்பது மனித இயல்பு. புரட்டாசியில் தொடங்கினால் கார்த்திகை முடிவதற்குள் ஒரு வகுப்புக்குப் போதிய பதிவுகள் சேரும்.

'சொன்னவர்' என்ற கட்டம் முக்கியமானது. மழை சொல்லும் தாத்தா, நீரோட்டம் பார்ப்பவர், ஏரி மடை திறந்தவர் என ஊருக்கு ஊர் பெயர்பெற்ற மனிதர்கள் உண்டு. அவர்களைப் பற்றியும் அரைப்பக்கம் எழுதச் செய்யலாம்.

அயர்லாந்தில் 1937 முதல் 1939 வரை சுமார் 5,000 தொடக்கப்பள்ளிகளின் மாணவர்கள், ஆசிரியர் வழிகாட்ட, வீட்டுப் பெரியவர்களிடம் வானிலைக் குறிகளையும் உள்ளூர் மனிதர் கதைகளையும் கேட்டு எழுதினார்கள். ஏறத்தாழ 7,40,000 பக்கங்கள் சேர்ந்தன. இன்று அது அந்நாட்டின் ஆவணச் செல்வம்.

நமக்குத் தேவை ஒரு நாற்பது பக்க நோட்டு. கேட்டுச் சொல்லப் பெரியவர்கள் இருக்கும்போதே தொடங்குவோம்.