பிள்ளையின் புள்ளியும் ஆசிரியரின் மனமும்

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் பெறுபேறு வெளியானதும் தோட்டத்து லயங்களில் முதலில் எழும் கேள்வி, “நம்ம ஸ்கூல்ல எத்தனை பேர் பாஸ்?” என்பதாகும். கேள்வி பிள்ளைகளைப் பற்றியது போலத் தோன்றினாலும், அதன் விடையைக் கொண்டு நாம் எடைபோடுவது ஆசிரியரையே. நாலு பேர் பாஸானால் அவர் “நல்ல சேர்”. ஒருவரும் பாஸாகாவிட்டால், “அந்த டீச்சர் ஒண்ணுஞ் சொல்லிக் குடுக்கிறதில்ல.” இத்தீர்ப்பு நியாயமானதா? இதனால் எமது பிள்ளைகளுக்கு நேர்வது என்ன? இவற்றைச் சற்று ஆராய்வோம்.

பரீட்சை எதற்காக?

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்தபோது, 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கிராமத்து ஏழைப் பிள்ளைகளுள் திறமையுள்ளோரைத் தெரிந்து, மத்திய கல்லூரிகளில் படிக்க வைப்பதே புலமைப்பரிசிலின் நோக்கமாக இருந்தது. இது நல்ல நோக்கமே. இன்றும் வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு இப்பரீட்சை மாதாந்த உதவிப்பணத்தைப் பெற்றுத் தருகிறது.

ஆனால் நகரத்துப் பிரபல பாடசாலைகளில் இடம் பிடிப்பதற்கும் இதே பரீட்சைதான் வழி. ஆகவே போட்டி கடுமையாகிவிட்டது. ஆண்டுதோறும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இதற்குத் தோற்றுகின்றனர். இரண்டு வினாத்தாள்கள், மொத்தம் 200 புள்ளிகள். மாவட்டத்துக்கும் மொழி மூலத்துக்கும் ஏற்ப வெட்டுப்புள்ளி வகுக்கப்படுகிறது. 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் அதனைத் தாண்டியவர்கள் 100க்கு ஏறக்குறைய 15, 16 பேர் மாத்திரமே.

இங்கு நாம் விளங்கிக்கொள்ள வேண்டிய முக்கிய விடயம் ஒன்று உண்டு. வெட்டுப்புள்ளி என்பது சித்திப் புள்ளி அன்று. சிலரை மட்டும் தெரிவதற்காகப் போடப்படும் கோடு அது. எல்லா ஆசிரியர்களும் நன்றாகக் கற்பித்தாலும், எல்லாப் பிள்ளைகளும் நன்றாகப் படித்தாலும், பெரும்பாலானோர் அக்கோட்டுக்குக் கீழேதான் நிற்பார்கள். 70 புள்ளி பெற்ற பிள்ளை அடிப்படைத் தேர்ச்சி உள்ள பிள்ளை. அந்தக் கணக்கை எம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்?

சிறிய பாடசாலையின் கணக்கு

பெல்மடுளைக்கும் பலாங்கொடைக்கும் இடையிலுள்ள ஓப்பநாயக்கவைச் சூழ்ந்த மலைகளில் தேயிலையும் இறப்பரும் உண்டு. இப்பக்கத்துத் தமிழ்ப் பாடசாலை ஒன்றில் தரம் 5இல் பத்துப் பிள்ளைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இவ்வாண்டு ஒரு பிள்ளை வெட்டுப்புள்ளியைத் தாண்டினால் நூற்றுக்குப் பத்து. அடுத்த ஆண்டு அதே ஆசிரியர் அதே உழைப்போடு கற்பித்தும், ஒரு பிள்ளை இரண்டு புள்ளி குறைந்தால் நூற்றுக்குப் பூச்சியம்! இருநூறு பிள்ளைகள் எழுதும் நகரப் பாடசாலையில் ஒரு பிள்ளையால் இப்படி ஏற்ற இறக்கம் வராது. சிறிய பாடசாலையின் சதவீதம் ஆசிரியரின் திறமையை விட, அவ்வாண்டு வந்து சேர்ந்த பிள்ளைகளையே அதிகம் காட்டுகிறது.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இது நேரடியாகத் தொடர்புடையது. 1977, 1981 வன்செயல்களின் பின் இரத்தினபுரித் தோட்டங்களை விட்டு வன்னிக்குச் சென்று, காடு வெட்டிப் பயிர் செய்தவர்கள் பலர். 2009இல் செட்டிகுளம் முகாம்களில் இருந்தும் பிள்ளைகள் இப்பரீட்சையை எழுதினர். 2003, 2017 ஆண்டுகளின் மே மாதங்களில் வெள்ளமும் மண்சரிவும் இரத்தினபுரி மாவட்டக் குடும்பங்களை வீடிழக்கச் செய்தன. இவ்வாறு இடம் மாறிய பிள்ளை பல மாதப் படிப்பை இழந்து புதிய பாடசாலைக்கு வருகிறது. அதன் புள்ளி புதிய ஆசிரியரின் கணக்கில் விழுகிறது. எண்ணிக்கை ஒன்றே அளவுகோலானால், அப்பிள்ளை வகுப்பில் சுமையாகப் பார்க்கப்படும் ஆபத்து உண்டு.

பழைய தவறு, பழைய பாடம்

பெறுபேற்றைக் கொண்டு ஆசிரியரை அளப்பது புதிதன்று. இங்கிலாந்தில் 1862இல், பிள்ளைகள் பரீட்சையில் தேறுவதைப் பொறுத்துப் பாடசாலைக்குப் பணம் கொடுக்கும் முறை வந்தது. இலங்கையின் உதவி பெறும் மிசன் பாடசாலைகளுக்கும் 1870 முதல் இம்முறை வந்தது. ஆசிரியர்கள் பரீட்சைக்கு வரும் பாடத்தை மட்டும் மனனம் செய்வித்தனர். பிள்ளை விளங்கி வாசிக்கிறதா என்பது பின்தள்ளப்பட்டது. இங்கிலாந்து அந்த நூற்றாண்டு முடியுமுன் இம்முறையைக் கைவிட்டது.

மலேசியாவிலும் தோட்டங்களில் தோன்றிய தமிழ்ப் பள்ளிகள் உண்டு. அங்கு ஆறாம் ஆண்டில் நடந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வில் எத்தனை பிள்ளைகள் எல்லாப் பாடங்களிலும் ‘ஏ’ பெற்றனர் என்பதே பள்ளியின் பெருமையாக எண்ணப்பட்டது. 1988இல் தொடங்கிய அத்தேர்வை 2021இல் அந்நாட்டு அரசு நிறுத்தியது.

மனம் சோர்ந்தால்

தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1977இல்தான். அதுவரை பிந்தி நின்ற பாடசாலைகள் இவை. பயிற்சி பெற்ற ஆசிரியர்களை உருவாக்க, ஜேர்மனிய உதவியோடு பத்தனையில் ஸ்ரீ பாத கல்வியியற் கல்லூரி அமைக்கப்பட்டது. ஆயினும் பற்றாக்குறை தீரவில்லை. 2015இல் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் உதவியாளர்கள் நியமிக்கப்பட்டபோது, அவர்களுக்கு மாதக் கொடுப்பனவு ஆறாயிரம் ரூபா மாத்திரமே. பின்னர் அது பத்தாயிரமானது.

குறைந்த வருமானம், தூரப் பயணம், ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புகள். இத்தனைக்கும் மேல் “உங்க வகுப்பில ஒண்ணுமில்லையே” என்ற ஒரு சொல் போதும். மனம் உடைந்த ஆசிரியர் தரம் 5ஐ ஏற்கத் தயங்குவார். இல்லையேல் கெட்டிக்காரப் பிள்ளைகள் மூவரை மட்டும் முன்வாங்கில் இருத்தி, மற்றவர்களைக் கைவிடுவார். அதுவும் முடியாதபோது இடமாற்றம் கேட்பார். அவர் போன பின் அந்த நாற்காலி எத்தனை மாதம் வெறுமையாக இருக்கும் என்பதைத் தோட்டத்துப் பெற்றோர் நன்கறிவர்.

எல்லா ஆசிரியரும் குறையற்றவர் என்று நாம் சொல்லவில்லை. வேலைக்கு ஒழுங்காக வராதவரைப் பெற்றோர் கேள்வி கேட்கத்தான் வேண்டும். ஆனால் சரியான கேள்வியைக் கேட்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

1. “எத்தனை பேர் பாஸ்?” என்பதற்கு முன், “என் பிள்ளை விளங்கி வாசிக்குதா? கூட்டல், கழித்தல் வருதா?” என்று கேட்போம். தரம் 5 வரை காத்திராமல் தரம் 2, 3இலேயே கேட்போம்.

2. புதிய இடத்துக்கு வந்தால் பிள்ளையின் விடுகைப் பத்திரத்தையும் பழைய கொப்பிகளையும் ஆசிரியரிடம் காட்டி, எத்தனை மாதப் படிப்பு தவறியது என்பதை ஒளிக்காமல் சொல்வோம். எங்கிருந்து தொடங்குவது என்று அவருக்குத் தெரியவரும்.

3. கொழுந்து அதிகமுள்ள நாளிலும், தம்பி தங்கையைப் பார்க்க ஆளில்லாத நாளிலும் பிள்ளையை மறிக்காமல் அனுப்புவோம். வராத பிள்ளைக்கு எந்த ஆசிரியராலும் கற்பிக்க முடியாது.

4. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போவோம். ஆசிரியர் வெற்றிடம் பற்றி வலயக் கல்விப் பணிமனைக்கு எழுத வேண்டியதும் பெற்றோரே.

5. தரம் 6க்குப் போக வெட்டுப்புள்ளி தேவையில்லை என்பதைப் பிள்ளைக்குச் சொல்வோம். பத்து வயதில் “நீ தோத்துட்ட” என்று கேட்ட பிள்ளை அதை இலகுவில் மறப்பதில்லை.

பெறுபேறு வந்த மறுநாள் பாடசாலைக்குச் சென்று, வெட்டுப்புள்ளியைத் தாண்டாத பிள்ளையின் ஆசிரியருக்கும் நன்றி சொல்வோம். அடுத்த ஆண்டும் அவரே எமது பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும். அதை மனநிறைவோடு செய்ய வேண்டும்.