கழிவுப் பொருளில் வீட்டு அலங்காரம்: கைக்கூலியையும் கணக்கில் சேருங்கள்

பெருநாள் நெருங்கும்போது சுவருக்கு நிறம் பூசுவதும், திரைச்சீலை மாற்றுவதும், வரவேற்பறையில் புதிதாக ஒரு பூச்சாடியாவது வைப்பதும் நம்மவர்கள் வீடுகளில் பழகிப்போன விடயம். ஆனால் அதற்கான செலவு இன்று இலகுவானதல்ல. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. பின்னர் அந்த வேகம் தணிந்தாலும், ஏறிய விலைகள் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. இறக்குமதியாகும் அலங்காரப் பொருளை விலை கேட்டுவிட்டுத் திரும்பி வருபவர்கள் அதிகம்.

இந்த இடத்தில்தான் ஒரு சிறிய தொழில் வாய்ப்பு இருக்கிறது. சிரட்டை, வெற்றுப் போத்தல், வெட்டுத் துணி, பழைய பத்திரிகை, தும்புக் கயிறு ஆகியவற்றைக் கொண்டு வீட்டுக்கு அழகு சேர்க்கும் பொருட்களைச் செய்யலாம். தங்கள் வீட்டுக்கென்று செய்யத் தொடங்கி, அயலவர் கேட்டு வாங்கிப்போக, அதையே வருமானமாக்கிக்கொண்ட சகோதரிகள் பல ஊர்களிலும் இருக்கிறார்கள்.

இத்தொழிலின் முதல் நன்மை, கடன் வாங்காமல் ஆரம்பிக்கலாம் என்பதே. நுண்கடன் நிறுவனங்களிடம் உயர்ந்த வட்டிக்குப் பணம் பெற்றுச் சிக்கிக்கொண்ட கிராமப்புறப் பெண்களின் நிலை எந்தளவுக்குச் சென்றது என்றால், வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் அத்தகைய கடன்களுக்கு 2018இல் அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டியிருந்தது. சுயதொழில் என்றதும் முதலில் கடனைத் தேடும் பழக்கத்துக்கு, கழிவுப் பொருள் கைப்பணி நல்லதொரு மாற்று. ஒரு கத்தரிக்கோல், ஊசி நூல், பசை, சாண்ட் பேப்பர் ஆகியவற்றோடு தொடங்கிவிடலாம்.

ஆயினும் இப்படித் தொடங்கப்படுபவற்றில் பல, ஒரு வருடம் முடிவதற்குள் நின்றுவிடுகின்றன. பொருளில் குறை இருப்பதால் அல்ல, விலை போடுவதில் குறை இருப்பதால். மூலப்பொருள் சும்மா கிடைத்தது என்பதற்காக, செய்தவரின் நேரமும் சும்மா என்று கருதிவிடுகிறார்கள். கழிவு இலவசமாகக் கிடைக்கலாம். கை இலவசம் அல்ல. இக்கட்டுரை வலியுறுத்த விரும்புவது இதைத்தான்.

மூலப்பொருள் எங்கே கிடைக்கும்?

ஆடைத் தொழிற்துறையே இந்நாட்டின் மிகப்பெரிய கைத்தொழில் ஏற்றுமதி. எனவே வெட்டுத் துணிக்கு இங்கு பஞ்சமில்லை. சந்தைகளில் கிலோக் கணக்கில் கிடைக்கும். ஊரிலுள்ள தையற் கடைகளில் கேட்டால் ஒரு பை நிறையச் சும்மாவே தருவார்கள். வாங்கும்போது பருத்தியையும் பொலியெஸ்டரையும் பிரித்தறிய வேண்டும். ஒரு நூலைப் பிரித்து நெருப்பில் காட்டுங்கள். பருத்தியானால் கடதாசி போல எரிந்து சாம்பலாகும். பொலியெஸ்டரானால் உருகி, ஆறியதும் கடினமான மணியாக நிற்கும். இரண்டையும் ஒரே பொருளில் கலந்தால், கழுவும்போது ஒன்று சுருங்கி மற்றது சுருங்காமல் பொருள் கோணிவிடும்.

கைத்தறிக்குப் பெயர்பெற்ற மருதமுனை போன்ற ஊர்களில் இன்னொரு வளம் உண்டு. தறியில் பாவு முடியும் இடத்தில், நெய்ய முடியாத நூல் துண்டுகள் எப்போதும் மிஞ்சும். சாயமேற்றிய அந்த நூல்கள் சுவரில் தொங்கவிடும் அலங்காரங்களுக்கும் குஞ்சங்களுக்கும் மிகப் பொருத்தம். குருநாகலில் 1991இல் தொடங்கப்பட்ட செலின் என்ற கைத்தறி நிறுவனம், கைத்தறித் துணியில் குழந்தைகளுக்கான விளையாட்டுப் பொருட்களும் செய்து வெளிநாடுகளுக்கு விற்று வருகிறது. சாரிக்கும் சாறனுக்கும் மட்டுந்தான் தறி என்று நினைத்திருப்போர் அதைக் கவனிக்க வேண்டும்.

சிரட்டை ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. ஆனால் அது இனியும் வெறும் கழிவு அல்ல. சிரட்டைக் கரியிலிருந்து தயாராகும் ஊக்குவிக்கப்பட்ட காபன் நமது நாட்டின் முக்கிய ஏற்றுமதிகளில் ஒன்று. ஆதலால் கரிக்காரர்கள் சிரட்டையைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். பத்துப் பதினைந்து சிரட்டை வீட்டிலேயே சேரும். நூறு வேண்டுமானால் விலை கொடுக்க நேரிடும். அந்த விலையையும் ஆரம்பத்திலேயே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

தவிர்க்க வேண்டியவை

இலவசமாகக் கிடைப்பதெல்லாம் வீட்டுக்குள் கொண்டுவரத் தக்கதல்ல. சரக்குப் பெட்டிகளுக்கு அடியில் வரும் பலகைத் தட்டுகளை, அதாவது பலட்டுகளை, இறாக்கை செய்யப் பலரும் தேடுகிறார்கள். வாங்குமுன் அதில் பொறித்துள்ள முத்திரையைப் பாருங்கள். எச்.ரி. என்ற எழுத்துகள் இருந்தால் அது வெப்பத்தினால் பூச்சி நீக்கப்பட்டது. எம்.பி. என்றிருந்தால் மெதில் புரோமைட் என்ற நச்சு வாயுவினால் புகையூட்டப்பட்டது, அதை விட்டுவிடுங்கள். முத்திரையே இல்லாதவற்றையும், எண்ணெய்க் கறை படிந்தவற்றையும் வாங்க வேண்டாம்.

பழைய கதவு, யன்னல் பலகைகளை உலர்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது. பூச்சுகளில் ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் ஒழுங்குவிதி இங்கு நடைமுறைக்கு வந்தது 2013இல்தான். அதற்கு முந்திய பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். அந்தத் தூசு சிறுபிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். உடைந்த அஸ்பெஸ்டஸ் கூரைத் தகட்டை வெட்டிப் பூச்சட்டி செய்வதும் ஆபத்தானது. அதன் தூசு நுரையீரலில் தங்கிப் புற்றுநோயை உண்டாக்க வல்லது.

பத்திரிகைத் தாளைச் சுருட்டிக் கூடை பின்னுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம்மவர் பத்திரிகைகளில் திருவசனங்களும் அல்லாஹ்வின் திருநாமமும் அச்சாகியிருக்கும். அந்தப் பக்கங்களை முதலிலேயே பிரித்தெடுத்து வைத்துவிடுங்கள்.

செய்து பார்க்க மூன்று பொருட்கள்

முதலாவது, கயிறு சுற்றிய பூச்சாடி. வெற்று ஜாம் போத்தலைச் சோடா மா கலந்த சுடுநீரில் ஊறவைத்தால் லேபல் கழன்றுவிடும். நன்கு உலர்ந்த பின், பைண்டர் கம் என்று கடைகளில் கேட்டு வாங்கும் வெள்ளைப் பசையைச் சிறிது சிறிதாகப் பூசி, மெல்லிய தும்புக் கயிற்றை அடியிலிருந்து இடைவெளியின்றிச் சுற்றுங்கள். ஆரம்ப முனையையும் இறுதி முனையையும் சுற்றுக்கு அடியில் மறைத்துவிட்டால் வேலை துப்புரவாகத் தெரியும். கழுத்துப் பகுதியில் மிஞ்சிய கைத்தறி நூலால் நான்கு சுற்று போட்டால் நிறமும் கிடைக்கும்.

இரண்டாவது, சிரட்டைக் கிண்ணம். முற்றிய தேங்காயின் சிரட்டையே உகந்தது. கண் உள்ள பாதியில் துளை இருக்குமாதலால் அதை விளக்குக்கும் தொங்கும் செடிச் சாடிக்கும் ஒதுக்கி, மற்றப் பாதியைக் கிண்ணத்துக்கு எடுங்கள். தும்பைக் கத்தியால் சுரண்டிய பின் 80ஆம் இலக்கச் சாண்ட் பேப்பரில் தொடங்கி, 120, 240, 400 என்று படிப்படியாகத் தேய்க்க வேண்டும். அவசரத்தில் இடையிலுள்ள இலக்கத்தை விட்டுவிட்டால் கீறல்கள் மறையாது. கடைசியில் தேங்காயெண்ணெய் பூசித் துடைத்தால் கருமை மின்னும். விளக்காகச் செய்வதானால் எல்.ஈ.டி. குமிழ் மட்டுமே பொருத்துங்கள். சூடேறும் பழைய குமிழ் சிரட்டையைக் கருக்கிவிடும்.

மூன்றாவது, பின்னல் கால்மிதி. துணியை ஒன்றரை அங்குல அகல நாடாக்களாக வெட்டி, மூன்று மூன்றாகச் சேர்த்துப் பின்னி, பின்னலை நத்தை ஓடு போலச் சுற்றி ஊசியால் இணைத்து, அடியில் தடித்த துணி வைத்துத் தைக்க வேண்டும். இழுத்துத் தைத்தால் நடு மேலெழும்பும். தட்டையான மேசையில் வைத்துத் தளர்வாகத் தையுங்கள்.

மழைக்காலத்தில் கடதாசி, தும்பு ஆகியவற்றில் பூஞ்சணம் பிடிக்கும். ஒவ்வொன்றையும் வெயிலில் நன்றாகக் காயவைத்த பின்னரே பொதி செய்யுங்கள். கடதாசிக் கூடைகளுக்கு இரண்டு தடவை வார்னிஷ் பூசுவது அவசியம்.

ஒரு மணித்தியாலத்துக்கு எவ்வளவு?

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். 2026 ஜனவரி முதல் தேசிய குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,200 ரூபா. அதை 8 மணித்தியாலத்தால் பிரித்தால் மணிக்கு 150 ரூபா. உங்கள் உழைப்புக்கு இதைவிடக் குறைவாகக் கிடைக்கிறதா என்று ஒவ்வொரு பொருளிலும் பாருங்கள்.

ஓர் உதாரணக் கணக்கு. கால்மிதிக்கு அடித்துணி 100, நூல் 50, சவர்க்காரம் 20, உறை 30, ஆக 200 ரூபா செலவு. துணியைத் தரம்பிரித்துக் கழுவ 1 மணித்தியாலம், வெட்ட 1, பின்ன 2, தைக்க ஒன்றரை, ஆக ஐந்தரை மணித்தியாலம். அதை 700 ரூபாவுக்கு விற்றால் 500 ரூபா மிச்சம் என்று மனம் மகிழும். ஐந்தரையால் பிரித்தால் மணிக்கு 91 ரூபாதான். கூலியைச் சேர்த்துப் பார்த்தால் அந்தக் கால்மிதியின் உண்மையான அடக்கவிலை 1,025 ரூபா. அதாவது விற்ற ஒவ்வொன்றிலும் 325 ரூபா நட்டம்.

பூச்சாடிக்குக் கயிறு 100, பசை 50, உறை 30, ஆக 180 ரூபா. வேலை முக்கால் மணித்தியாலம். 550 ரூபாவுக்கு விற்றால் 370 மிஞ்சும். மணிக்கு 490 ரூபாவுக்கு மேல். கடைக்காரருக்கு 25 வீதம் கொடுத்தாலும் மணிக்கு 310 ரூபா கிடைக்கும்.

விலைகள் ஊருக்கு ஊர் மாறும். கணக்கின் வழி மாறாது. மிகவும் கஷ்டப்பட்டுச் செய்த பொருளே நல்ல இலாபம் தரும் என்று எண்ணுவது தவறு. வாங்குபவர் நமது களைப்புக்கு விலை தருவதில்லை, பொருளின் தோற்றத்துக்கும் பயனுக்கும்தான் தருகிறார்.

அப்படியானால் கால்மிதியைக் கைவிடுவதா? அவசியமில்லை. பத்துக் கிலோ துணியை ஒரே நாளில் தரம்பிரித்துக் கழுவினால் ஒவ்வொன்றுக்குமான நேரம் குறையும். ஒருவர் வெட்ட, ஒருவர் பின்ன, ஒருவர் தைக்க என்று பகிர்ந்தால் கையும் வேகமெடுக்கும். அல்லது அதே பின்னலை இரண்டு மூன்று நிறங்களுக்குள் அடக்கி, மேசை விரிப்பாகவோ சுவர் அலங்காரமாகவோ செய்தால் கூடிய விலை கேட்கலாம். காலால் மிதிக்கும் பொருளுக்கு எவரும் அதிகம் கொடுக்க விரும்புவதில்லை.

விற்பனை

நம் வாடிக்கையாளர்களில் பலர் உருவச்சிலைகளையும் உயிரினங்களின் உருவங்களையும் வீட்டில் வைக்க விரும்புவதில்லை. பூ, கொடி, கோலவடிவம், அரபு எழுத்தணி ஆகியவையே அவர்கள் கேட்பவை. அழகுச் சாமான் கடைகளில் இவர்களுக்கென்று இருப்பது குறைவு. உங்கள் சந்தை அங்கே இருக்கிறது.

பருவத்தையும் கவனியுங்கள். சந்திர வருடக் கணக்கினால் பெருநாட்கள் ஒவ்வொரு வருடமும் சுமார் 11 நாட்கள் முன்னதாக வரும். சென்ற வருட நாட்காட்டியை நம்பியிருந்தால் சரக்கு தாமதமாகும். பெருநாளுக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே வேலையைத் தொடங்குங்கள். ஏப்ரல் புதுவருடம், டிசம்பர் நத்தார், திருமண காலம் என்பவற்றையும் சேர்த்துத் திட்டமிட்டால் வருடம் முழுவதும் வேலை இருக்கும்.

கடைகளில் விற்ற பின் பணம் என்ற முறையில் பொருள் கொடுப்பதானால், எத்தனை கொடுத்தோம், எந்தத் திகதி என்பதைக் கொப்பியில் எழுதி, கடைக்காரரின் கையொப்பத்தைப் பெறுங்கள். தெரிந்தவர்தானே என்று விட்டுவிடுவது உறவையும் கெடுக்கும். முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் போடும் படத்தைப் பகலில், யன்னலோர வெளிச்சத்தில் எடுங்கள். அளவையும் விலையையும் படத்தோடு எழுதுங்கள்.

தொழில் சற்று நிலைகொண்டதும் பிரதேச செயலகத்தின் ஊடாக வியாபாரப் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம். அங்குள்ள விதாதா வள நிலையங்களில் பயிற்சிகள் பற்றி விசாரியுங்கள். 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவான தேசிய அருங்கலைகள் பேரவை கைப்பணியாளர்களைப் பதிவு செய்து, போட்டிகளையும் கண்காட்சிகளையும் நடத்துகிறது. நம் பெண்களில் பலருக்கு இந்த வாசல்கள் திறந்திருப்பதே தெரியாது.

கிழக்கிலங்கையில் நமது மூதாட்டிகள் குளத்தங்கரைப் பன்னை அறுத்து, காயவைத்து, சாயமிட்டுப் பாய் இழைத்தவர்கள். மூலப்பொருள் சும்மா கிடைத்தது, கையில் கலை இருந்தது. ஆனால் ஒரு பாய்க்குப் போன நாட்களை எவரும் கணக்கிட்டு விலை கேட்டதில்லை. பிளாஸ்டிக் பாய் வந்து விலையை இறக்கியபோது, அந்தக் கூலியில் இழைப்பதற்குப் பிள்ளைகள் முன்வரவில்லை. சிரட்டைக்கும் வெட்டுத் துணிக்கும் அந்த நிலை வரக்கூடாது. நாளை செய்யும் முதற் பொருளின் பக்கத்தில் ஒரு மணிக்கூட்டையும் கொப்பியையும் வைத்துக்கொள்ளுங்கள். தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் எழுதிய பின்னரே விலையை எழுதுங்கள்.