ஐடிஐ முடிச்சாச்சு, கையில ரெண்டு ஆஃபர்: எதை எடுக்கிறது?

போன எபிசோடுக்கு ஒரு வாய்ஸ் நோட் வந்தது. "ப்ரோ, நான் சென்னையில ஐடி வேலையில இருக்கேன். தம்பி ஐடிஐ-ல ஃபிட்டர் முடிச்சிருக்கான். ஒரகடத்துல ஒரு கான்ட்ராக்டர் மூலமா வேலை வந்திருக்கு: கைக்கு 15,000, பஸ், கேன்டீன். இன்னொரு கம்பெனியில அப்ரன்டிஸ், 9,000 தான். வீட்ல 15,000-ஐ எடுக்கச் சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

இன்னைக்கு எபிசோடு இதைப் பத்தித்தான்.

"வேலைக்குத் தயாரா இல்லை"ங்கிற பேச்சு

ஐடிஐ பசங்கன்னாலே "சர்டிஃபிகேட் இருக்கு, வேலை தெரியலை"ன்னு ஒரு பேச்சு இருக்கு. ஓரளவு உண்மைதான். ஃபிட்டர் டிரேட் ரெண்டு வருஷம். ஃபைலிங், டிரில்லிங், வெர்னியர், மைக்ரோமீட்டர், டிராயிங் எல்லாம் சொல்லித் தர்றாங்க. ஆனா டிராயிங்ல 25 மி.மீ., கூடக்குறைய 0.02-ன்னு இருந்தா, 0.02 வரைக்கும் மட்டுமே காட்டுற வெர்னியரை விட்டுட்டு மைக்ரோமீட்டர் பக்கம் கை தானாப் போகணும். மெஷின் சத்தம் மாறினா உடனே காதுல படணும். நைட் ஷிஃப்ட் நாலு மணிக்கும் அதே கவனம் வேணும். இதெல்லாம் ஷாப் ஃப்ளோர்ல நின்னுதான் வரும்.

நம்ம ஐடி கம்பெனிகளைப் பாருங்க. மெக்கானிக்கல் படிச்சவரை எடுத்து, சம்பளம் கொடுத்து, மாசக்கணக்குல ஜாவா சொல்லித் தர்றாங்க. அவருக்கு நாம வச்சிருக்கிற பேர் "ஃப்ரெஷர்". ஐடிஐ முடிச்ச பையனுக்கும் அதே மாதிரி ஒரு கத்துக்கிற காலம் வேணும்.

தமிழ்நாட்டுல 71 அரசு ஐடிஐ-களை டாடா டெக்னாலஜிஸோட சேர்ந்து, 2,877 கோடி ரூபாய் திட்டத்துல மேம்படுத்தினாங்க. நல்ல விஷயம். பழைய மெஷின்ல படிச்ச குறை இதுல தீரும். ஆனா புது லேப் எவ்வளவு நல்லா இருந்தாலும், ஃபேக்டரி அனுபவத்துக்கு ஈடாகாது. அதுக்கு வழி அப்ரன்டிஸ்ஷிப்.

அப்ரன்டிஸ்னா என்ன?

1961-ல வந்த அப்ரன்டிஸ் சட்டம் இது. 30 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற நிறுவனம், தன் ஆள் எண்ணிக்கையில 2.5 முதல் 15 சதவீதம் அப்ரன்டிஸ் எடுக்கணும். 2019-ல திருத்தின விதி, ஐடிஐ முடிச்சவருக்கு மாசம் குறைஞ்சது 7,000 ரூபாய்னு வச்சது. அதுக்கு மேல கொடுக்கிறது கம்பெனி விருப்பம்.

சட்டத்தோட பார்வையில அப்ரன்டிஸ் பயிற்சி பெறுபவர், தொழிலாளி இல்லை. அதனால பிஎஃப், இஎஸ்ஐ கிடையாது. முடிச்ச பிறகு வேலை கொடுத்தே ஆகணும்ங்கிற கட்டாயமும் பொதுவா இல்லை. இதைத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் சேரணும்.

பதிலுக்கு என்ன கிடைக்குது? வேலையில அடிபட்டா நிறுவனம் நஷ்டஈடு தரணும். அனுமதி இல்லாம ஓவர்டைம் வாங்கக்கூடாது. கடைசியில தேர்வு எழுதி பாஸானா தேசிய அப்ரன்டிஸ் சான்றிதழ். அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு உண்டு. உதாரணத்துக்கு, ரயில்வே தன்னோட யூனிட்கள்ல அப்ரன்டிஸ் முடிச்சவங்களுக்கு லெவல் 1 வேலைகள்ல 20 சதவீதம் ஒதுக்குது. பெரம்பூர் ஐசிஎஃப்-க்கு அவ்வளவு பேர் அப்ளை பண்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

கான்ட்ராக்ட் வேலை தப்பா?

தப்பே இல்லை. பிஎஃப், இஎஸ்ஐ ஒழுங்காப் பிடிச்சா அது நியாயமான வேலை. பல வீட்ல அந்தப் பணம்தான் வாடகை. சிக்கல் எங்கன்னா, அங்க உங்க தம்பிக்குச் சொல்லித்தர யாருக்கும் கடமை இல்லை. ஃபிட்டரை எடுத்து மூணு வருஷம் லோடிங்ல நிறுத்தலாம். அப்புறம் ரெஸ்யூமேல எழுத என்ன இருக்கும்? அடுத்த வருஷ பேட்ச் அதே 15,000-க்கு கேட்ல வந்து நிக்கும்.

சேர்றதுக்கு முன்னாடி கேட்க வேண்டியது

அப்ரன்டிஸ்னா: ஒப்பந்தம் அப்ரன்டிஸ்ஷிப் இந்தியா போர்ட்டல்ல பதிவாகுதா? எந்த டிரேட் பேர்ல? போன பேட்ச்ல எத்தனை பேரை வேலைக்கு வச்சுக்கிட்டாங்க? வெறும் "டிரெய்னி"ன்னு ஒரு லெட்டர் கொடுத்தா உஷாரா இருங்க. சம்பளம் அப்ரன்டிஸ் மாதிரி, சான்றிதழ் மட்டும் வராது.

கான்ட்ராக்ட்னா: எந்த மெஷின்ல நிக்கப்போறான்? யுஏஎன் நம்பர் முதல் மாசமே வருமா? சம்பளம் பேங்க் அக்கவுன்ட்ல வருமா?

சரி, என்ன பண்ணலாம்?

வித்தியாசம் மாசம் 6,000. ஒரு வருஷ அப்ரன்டிஸ்னா மொத்தம் 72,000. ஒப்பந்தம் பதிவானதா இருந்தா, நான் அப்ரன்டிஸ்ஷிப்பைத்தான் சொல்வேன். ஆனா அந்த 72,000 பாரத்தை பத்தொன்பது வயசுப் பையன் தலையில வைக்காதீங்க. ப்ரோ, உங்களால முடிஞ்சா அந்த 6,000-ஐ ஒரு வருஷம் நீங்க வீட்டுக்குக் கொடுங்க. ஒரு இன்ஜினியரிங் செமஸ்டர் ஃபீஸ் கட்டறதா நினைச்சுக்கோங்க.

முடியலைன்னா கான்ட்ராக்ட் வேலைக்குப் போகட்டும், குற்ற உணர்ச்சி வேண்டாம். மேல சொன்ன கேள்விகளைக் கேட்டுட்டுப் போகட்டும். ஐடிஐ முடிச்சவங்க பாலிடெக்னிக் ரெண்டாம் வருஷத்துல நேரா சேரலாம்ங்கிறதையும் மறந்துடாதீங்க. அந்தக் கதவு திறந்துதான் இருக்கு.

உங்க வீட்லயும் ஐடிஐ முடிச்சவங்க இருந்தா இதை ஃபார்வர்ட் பண்ணுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.